கோடான நட்சத்திரம், மங்கிய நெபுலா: சிறு தொலைநோக்கியில் வானப்படம் எடுப்போருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மொட்டை மாடியில் சிறிய தொலைநோக்கியும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் வைத்து நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு மேகங்களைப் படமெடுக்கிறவர்கள், படம் சரியாக வராதபோது முதலில் யோசிப்பது அடுத்து எதை வாங்குவது என்பதைத்தான். பணத்தை எடுப்பதற்கு முன்னால் கெட்டுப்போன படத்தை நன்றாகப் பாருங்கள். எந்த இடத்தில் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதிலேயே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் 40, 50 பாகை அட்சரேகையில் வாழ்கிறவர்கள் எழுதியவை. தமிழ்நாடு 8 முதல் 13½ பாகைக்குள் இருக்கிறது. துருவ நட்சத்திரம் தாழ்ந்து நிற்கும் நம் வானத்தில் வரும் சில சிக்கல்கள் அவர்களுக்கு வருவதே இல்லை.

கணக்குகள் புரிய ஓர் உதாரணக் கருவியை வைத்துக்கொள்வோம்: 150 மி.மீ. விட்டம், 750 மி.மீ. குவிதூரம் கொண்ட எஃப் 5 (குவிதூரத்தை விட்டத்தால் வகுத்தால் 5) நியூட்டோனியன், அதாவது ஆடி வைத்த தொலைநோக்கி. மோட்டார் பொருத்திய இக்யூ 5 வகை மவுண்ட் (குழாயைத் தாங்கி, வானத்தின் ஓட்டத்தோடு திருப்புவது). 18 மெகாபிக்ஸல் கேமரா, ஒரு பிக்ஸல் 4.3 மைக்ரான். பிக்ஸல் அளவை 206 ஆல் பெருக்கிக் குவிதூரத்தால் வகுத்தால், ஒரு பிக்ஸல் வானத்தில் எத்தனை விகலையைப் பிடிக்கிறது என்று தெரியும். இங்கே சுமார் 1.2 விகலை. (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.) உங்கள் கருவிக்கும் இதைப் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாம் இந்த எண்ணைச் சுற்றித்தான்.

முதல் சோதனை எல்லோருக்கும் பொது. ஒரே ஒரு ரா ஃப்ரேமை, அதாவது கேமரா மெருகேற்றாமல் பதிந்த ஒற்றைப் படத்தைக் கணினியில் 100 சதவீத அளவில் திறந்து, நடுவையும் நான்கு மூலைகளையும் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே குறை என்றால் மவுண்ட், ஃபோகஸ், கொலிமேஷன் (ஆடிகளை ஒரே நேரில் அமைப்பது) மூன்றில் ஒன்று. நடு நன்றாக இருந்து மூலைகள் மட்டும் கெட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் ஒளியியல் பாதையில். ஒற்றை ஃப்ரேம் நன்றாக இருந்து, பல ஃப்ரேம்களை அடுக்கிச் சேர்த்த படம் மட்டும் மோசம் என்றால் ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம்), டார்க் (மூடி போட்டு எடுக்கும் திருத்தப் படம்), மென்பொருள் பக்கம் போங்கள். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் எதையும் திருகாதீர்கள். திருகும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கேமராவை மாட்டினால் ஃபோகஸ் வரவே இல்லை

கண்ணால் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது, கேமராவை மாட்டி ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் நட்சத்திரம் வட்டமாகவே நிற்கிறது. கண்ணால் பார்ப்பதற்கென்று வடிவமைத்த நியூட்டோனியன்களில் இது சாதாரணம். கேனான் கேமராவில் மாட்டும் விளிம்புக்கும் சென்ஸாருக்கும் இடையிலேயே 44 மி.மீ. போய்விடுகிறது, கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி வளையம் இன்னும் 11 மி.மீ. தின்கிறது. பிம்பம் விழும் இடம் சென்ஸாரை எட்டுவதில்லை.

குவிதூரத்தை நீட்டும் பார்லோ வில்லை போட்டால் ஃபோகஸ் வந்துவிடும். ஆனால் 2 மடங்கு பார்லோ எஃப் 5 ஐ எஃப் 10 ஆக்கும். அதே வெளிச்சத்துக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்க வேண்டும், டிராக்கிங் பிழையும் இரு மடங்காகத் தெரியும். நிலாவுக்குச் சரி, நெபுலாவுக்கு வேண்டாம். நீளமான போல்ட்டுகள் போட்டு முதன்மை ஆடியை 20 முதல் 25 மி.மீ. வரை மேலே நகர்த்துவது நல்ல வழி. எவ்வளவு நகர்த்துவது என்பதைப் பகலில் கண்டுபிடிக்கலாம். தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தைப் பார்த்தபடி கேமராவை டி வளையத்திலிருந்து கழற்றி, ஃபோகஸர் முழுக்க உள்ளே இருக்க, ஃபோகஸர் குழாய்க்கு வெளியே, டி வளையத்துக்குப் பின்னால் ஒரு டிரேஸிங் தாளைப் பிடித்து, பிம்பம் கூர்மையாக விழும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பாதீர்கள்.

எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் கோடாக நீள்கிறது

வானப்படக்காரர்கள் அதிகம் பார்க்கும் குறை இதுதான். கோடு எந்தத் திசையில் என்று தெரியாமல் இதற்கு மருந்து தேட முடியாது. மோட்டாரை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் 10 வினாடி எக்ஸ்போஷர் ஒன்று எடுங்கள். வானம் வினாடிக்கு 15 விகலை நகர்வதால், வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) அருகிலுள்ள நட்சத்திரம் சுமார் 125 பிக்ஸல் நீளத்துக்குக் கோடு போடும். அந்தக் கோடுதான் கிழக்கு மேற்கு. கெட்டுப்போன ஃப்ரேமின் கோட்டை இதோடு ஒப்பிடுங்கள்.

கோடு இதற்குச் செங்குத்தாக, அதாவது வடக்கு தெற்காக இருந்தால் போலார் அலைன்மென்ட் (மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக்குவது) சரியில்லை. மவுண்டின் அச்சு துருவத்திலிருந்து ஒரு கலை விலகினால், மிக மோசமான திசையில் நட்சத்திரம் நிமிடத்துக்கு 0.26 விகலை நகரும். துருவ நட்சத்திரத்தை நேராக நடுவில் வைத்து "முடிந்தது" என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது உண்மைத் துருவத்திலிருந்து சுமார் 38 கலை தள்ளி இருக்கிறது. நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 10 விகலை, நம் கருவியில் 8 பிக்ஸல். ஒரு நிமிட எக்ஸ்போஷர் கோடாவதற்கு இது தாராளமாகப் போதும். மவுண்டின் அச்சுக்குள் இருக்கும் சிறு தொலைநோக்கியான போலார் ஸ்கோப்பில் அந்த நேரத்துக்குரிய கடிகார நிலையில் நட்சத்திரத்தை வைத்தால்தான் சரி.

நம் ஊர்ச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில், மதுரையில் 10 பாகைக்குள், நாகர்கோவிலில் 8 பாகையில் நிற்கிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னை மரமோ போதும், மறைந்துவிடும். மறையாவிட்டாலும் அவ்வளவு தாழ்வில் புழுதியும் ஈரமும் மங்கச் செய்யும். அதோடு வளிமண்டலம் ஒளியை வளைப்பதால் 10 பாகை உயரத்தில் எந்த நட்சத்திரமும் உண்மை இடத்தைவிடச் சுமார் 5 கலை மேலே தெரிகிறது. 45 பாகையில் இந்த வளைவு ஒரே கலைதான். அதனால் மேல்நாட்டு வழிகாட்டிகள் இதைப் பேசுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் துருவ நட்சத்திரத்தை நம்பி எவ்வளவு துல்லியமாக அமைத்தாலும், அச்சு ஐந்து கலை தூக்கலாக நிற்கும். ஒரு நிமிட எக்ஸ்போஷருக்குப் பரவாயில்லை, ஐந்து நிமிடத்துக்குப் போதாது.

வடக்கு தெரியாத மாடிக்கு இரண்டு வழிகள். மடிக்கணினி இருந்தால், எடுத்த படத்தைக் கொண்டே வானத்தில் இடம் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. நினா என்ற இலவச மென்பொருளின் மூன்று புள்ளி முறைக்குத் துருவ நட்சத்திரமே தேவையில்லை. கணினி இல்லையென்றால் பழைய டிரிஃப்ட் முறை. வான நடுக்கோட்டுக்கு அருகே, தெற்கு வடக்காக உச்சியைத் தாண்டும் கோட்டில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, லைவ் வியூவில் பெரிதாக்கிச் சில நிமிடங்கள் பாருங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நழுவினால் மேற்கே சாய்ந்திருக்கிறது, கிழக்கே திருப்புங்கள். அடுத்து, கிழக்கு வானில் தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரம். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. திரையில் எது தெற்கு என்று குழப்பம் வந்தால், குழாயின் முனையை விரலால் வடக்கு நோக்கி மெல்லத் தள்ளுங்கள். நட்சத்திரம் ஓடும் பக்கம் தெற்கு. பொறுமை கேட்கும் முறைதான், ஆனால் ஒளி வளைவைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏனென்றால் நீங்கள் உண்மையில் படமெடுக்கும் வானத்திலேயே அளக்கிறீர்கள். மாடியில் கால்கள் நின்ற இடத்தைப் பெயின்ட்டால் குறித்து வைத்தால் அடுத்த முறை பாதி வேலை மிச்சம்.

கோடு கிழக்கு மேற்காகவே இருந்தால் மவுண்டின் பற்சக்கரத்தைப் பாருங்கள். இக்யூ 5 இல் 144 பற்கள். புழுச்சக்கரம் ஒரு சுற்று முடிக்கச் சுமார் 10 நிமிடம். எச்இக்யூ 5 இல் 135 பற்கள், 638 வினாடி. அந்தச் சுற்றுக்குள் டிராக்கிங் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். தொடர்ச்சியாக எடுத்த ஒரு நிமிட ஃப்ரேம்களை வரிசையாகப் பாருங்கள். சில நல்லவை, சில கெட்டவை, மறுபடி சில நல்லவை என்று பத்து நிமிடச் சுற்றுக்குள் ஓர் ஒழுங்கில் வந்தால் காரணம் இதுதான். கைடிங் (இரண்டாவது கேமரா ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்துவது) இல்லாதவர் எக்ஸ்போஷரை 30 வினாடிக்குக் குறைத்து, கெட்டதைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சேர்க்கலாம். இதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அரிதாகக் கிடைக்கும் தெளிந்த இரவில், உறுதியில்லாத ஐந்து நிமிடத்தைவிட உறுதியான முப்பது வினாடி மேல்.

ஒழுங்கே இல்லாமல் திடீரென்று தாவினால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். பழைய யுபிஎஸ் பேட்டரிகளில் சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்கி மோட்டார் தடுமாறும். பிறகு பேலன்ஸ்: கிழக்குப் பக்கம் சற்றே கனமாக வைத்தால் பற்கள் எப்போதும் ஒரே பக்கம் அழுந்தி நிற்கும். குழாய் மேற்கே இருந்தால் எடைக்கட்டையைக் கொஞ்சம் வெளியே தள்ளுங்கள், கிழக்கே இருந்தால் உள்ளே இழுங்கள். தொங்கும் கேபிள் எங்காவது மாட்டி இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு ஃப்ரேமிலும் கோடு ஒவ்வொரு திசையில் என்றால் காற்று அல்லது தரை. டிரைபாட் கால்களை நீட்டாமல், நடுவில் ஒரு தண்ணீர் கேனைத் தரையில் படாதபடி தொங்கவிடுங்கள். மாடித் தளத்தில் யாராவது நடந்தாலே படம் ஆடும். கீழே தண்ணீர் மோட்டார் ஓடினாலும் ஆடும்.

எடைத்தண்டு டிரைபாட் காலில் இடிக்கிறது

துருவம் தாழ்ந்திருப்பதால் மவுண்டின் அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கும். எடைக்கட்டை மாட்டிய எடைத்தண்டு தொங்கிக் காலைத் தொட்டுவிடும். மாடி இருட்டில் மோட்டார் அதை இடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் பற்சக்கரம் கெடும். பகலிலேயே, மோட்டாரைப் போடாமல் கிளட்சைத் தளர்த்திக் கையால் முழு வட்டமும் சுற்றிப் பாருங்கள். இடித்தால் இரண்டு கால்களுக்கு நடுவே தண்டு இறங்கும்படி டிரைபாடைத் திருப்பி வையுங்கள். சில மவுண்ட்களின் உயர அளவு 10 பாகைக்குக் கீழே இறங்காது. அப்போது தெற்கு ஓரத்துக் காலுக்கு அடியில் கனமான பலகை வைத்து மொத்தத்தையும் வடக்கே சாய்க்கலாம். மட்டம் பார்க்கும் குமிழி நடுவில் இல்லையே என்று கவலை வேண்டாம். அச்சு துருவத்தை நோக்கினால் போதும். டிரைபாட் மட்டமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எடை கவிழாமல் நிற்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கைடிங் கோடு அழகாக இருக்கிறது, படம் அழகாக இல்லை

மென்பொருள் காட்டும் வரைபடம் ஒரு விகலைக்குள் நேராகப் போகிறது, ஆனால் ஐந்து நிமிடப் படத்தில் நட்சத்திரம் முட்டை வடிவம். கைடிங் கேமரா மாட்டிய சிறு தொலைநோக்கியான கைடு ஸ்கோப்பும் முதன்மைக் குழாயும் ஒன்றாக அசையவில்லை என்று அர்த்தம். மூன்று திருகாணிகளில் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் வளையம், ஃபைண்டர் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) மாட்டும் சிறு பிடி, ஃபோகஸரில் தொங்கும் கேமரா எல்லாமே புவியீர்ப்பில் மெல்ல வளைகின்றன. இறுக்கமான உலோகப் பிடி போடுங்கள், எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

வரைபடமே தாறுமாறாக இருந்தால் வேறு கதை. ஒரு வினாடி எக்ஸ்போஷரில் கைடு செய்தால் காற்றின் நடுக்கத்தை எல்லாம் மவுண்ட் துரத்தும். இரண்டு முதல் நான்கு வினாடிக்கு ஏற்றுங்கள். வடக்கு தெற்குக் கோடு மட்டும் இரு பக்கமும் ஊசலாடினால் அது பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையிலுள்ள தளர்ச்சி. ஒரே திசையில் மட்டும் திருத்தும்படி அமைத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும். போலார் அலைன்மென்ட்டில் மிகச் சிறு பிழையை வேண்டுமென்றே விட்டால் நழுவல் எப்போதும் ஒரே பக்கம் இருக்கும், இந்த அமைப்பும் வேலை செய்யும். காலிபிரேஷன் (மவுண்ட் எப்படி அசைகிறது என்று மென்பொருள் முதலில் அளப்பது) தோற்றுப்போனால், துருவத்துக்குப் பக்கத்தில் செய்கிறீர்களா என்று பாருங்கள். வான நடுக்கோட்டுக்கு அருகே, உச்சிக்கோட்டின் பக்கத்தில் செய்ய வேண்டும். நம் அட்சரேகையில் அந்த இடம் ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருப்பது நமக்கு வாய்த்த வசதி.

நடு நன்றாக இருக்கிறது, மூலைகள் கெட்டிருக்கின்றன

மூலை நட்சத்திரங்கள் வால் முளைத்து வெளிப்பக்கம் விரிந்தால் அது கோமா. எஃப் 5 நியூட்டோனியனில் இது கருவியின் இயல்பு, கோளாறில்லை. அதைத் திருத்தும் வில்லையான கோமா கரெக்டர் வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வாங்கச் சொல்லும் மிகச் சில பொருள்களில் ஒன்று. வாங்கும்வரை ஓரங்களை வெட்டிவிடுங்கள்.

கரெக்டர் போட்ட பிறகும் கெட்டிருந்தால் கரெக்டருக்கும் சென்ஸாருக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பெரும்பாலானவை 55 மி.மீ. கேட்கும். நட்சத்திரங்கள் நடுவிலிருந்து ஆரம்போல வெளியே நீண்டால் சென்ஸார் பெரும்பாலும் மிக அருகே இருக்கிறது. நடுவைச் சுற்றி வளையம்போல நீண்டால் மிகத் தொலைவில். ஒரு மி.மீ. வளையங்களைச் சேர்த்தும் எடுத்தும் பாருங்கள்.

ஒரே ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் கெட்டிருந்தால் சாய்வு. விலை குறைந்த ஃபோகஸர்கள் கேமராவின் எடையில் தொங்கும். குழாயை வேறு திசைக்குத் திருப்பியதும் கெட்ட மூலை மாறினால் ஃபோகஸர் தொங்குவது உறுதி.

எல்லா மூலையிலும் ஒரு புள்ளியைச் சுற்றிய வில்லாக நீண்டால் அது வானச் சுழற்சி. டாப்சோனியன் போன்ற ஆல்ட்அஸ் (மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும்) மவுண்ட் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம் வரும். நிலநடுக்கோட்டை நெருங்கியிருப்பதால் நமக்குக் கூடுதலாகவே வரும். தெற்கே 30 பாகை உயரத்தில் படம் மணிக்குச் சுமார் 17 பாகை சுழல்கிறது. 30 வினாடியில் நம் கேமராவின் மூலையில் ஏழு பிக்ஸலுக்கு மேல். ஆனால் சரியாகக் கிழக்கிலும் மேற்கிலும் இந்தச் சுழற்சி பூஜ்யத்தை நெருங்கும். ஆல்ட்அஸ்காரர்கள் அங்கே உள்ள பொருள்களைத் தேர்ந்தெடுத்து 10, 15 வினாடிகளாக எடுத்தால் நல்ல படம் கிடைக்கும்.

நட்சத்திரத்தின் வடிவமே விசித்திரமாக இருக்கிறது

நடுவிலும் மூலையிலும் ஒரே பக்கம் வால் முளைத்தால் கொலிமேஷன் விலகியிருக்கிறது. நடுவில் உள்ள நட்சத்திரத்தின் ஃபோகஸைக் குலைத்துப் பாருங்கள். கருப்பு வட்டம் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும். முக்கோணமாக இருந்தால் ஆடியைப் பிடிக்கும் மூன்று பிடிகள் இறுகியிருக்கின்றன. ஒரு தாள் நுழையும் அளவு தளர்த்துங்கள். பிரகாசமான நட்சத்திரத்தில் ஒரு கடி கடித்ததுபோல் குறை இருந்தால் ஃபோகஸரின் குழாய் ஒளிப்பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் ஊதா வளையம் என்றால் உங்களிடம் இருப்பது இரண்டு வில்லை கொண்ட சாதாரண அக்ரோமேட். நீலத்தை வெட்டும் வடிகட்டி ஓரளவு உதவும்.

மாலையில் கூர்மை, நள்ளிரவில் பஞ்சு

இரண்டு காரணங்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது வெப்பம். அலுமினியக் குழாய் ஒரு டிகிரி குளிர்ந்தால் 750 மி.மீ. நீளத்தில் 0.017 மி.மீ. சுருங்குகிறது. எஃப் 5 இல் ஃபோகஸ் பொறுத்துக்கொள்ளும் எல்லை இரு பக்கமும் சுமார் 0.033 மி.மீ. தான். ஆகவே இரண்டு டிகிரி இறங்கினாலே ஃபோகஸ் எல்லையைத் தாண்டுகிறது. உள் மாவட்டங்களில் சனவரி, பிப்ரவரி இரவுகளில் வெப்பநிலை அதைவிட நிறையவே இறங்கும். குழாயின் வாயில் வைத்து ஃபோகஸைச் சரிபார்க்கும், பிளவுகள் வெட்டிய பாஹ்தினோவ் முகமூடியை மணிக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதை அட்டையில் வெட்டியே செய்துகொள்ளலாம்; கடையில் வாங்கியதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது பனி. ஃபோகஸ் கெட்டால் நட்சத்திரம் பெரிதாகும். பனி படிந்தால் நட்சத்திரத்தைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் பரவி, சின்ன நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறையும். ஃப்ரேம்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் படிப்படியாக மங்குவது தெரியும். கடலோர ஊர்களில் இது பெரும் தொல்லை. நியூட்டோனியனில் முதலில் பனிப்பது வாய்க்கு அருகிலுள்ள சிறு ஆடி, அதை யாரும் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை. யோகா பாயை வெட்டி, குழாயின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னால் சுற்றினால் பல மணி நேரம் தள்ளிப்போகும். அதற்கு மேல் 12 வோல்ட் சூடேற்றும் பட்டை. துணியால் மட்டும் துடைக்காதீர்கள், ஆடியின் பூச்சு போய்விடும்.

கோடையில் இன்னொரு மங்கலும் உண்டு. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் பாதி இரவுவரை அனலைக் கக்கும். மாலையிலேயே தளத்தில் தண்ணீர் ஊற்றி, காய்ந்த பிறகு கருவியை ஏற்றுங்கள். நல்ல ஃப்ரேம்களை நள்ளிரவுக்கு மேல் எதிர்பாருங்கள்.

பின்புலம் ஆரஞ்சாக, சாம்பலாக, ஒரு பக்கம் வெளுத்து

ஊர் வெளிச்சம். கேமராத் திரையில் வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு இடப்பக்கத்திலிருந்து கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கும்படி எக்ஸ்போஷரை வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் எஃப் 5, ஐஎஸ்ஓ 800 இல் 30 முதல் 60 வினாடிக்குள் அங்கே வந்துவிடும். அதற்கு மேல் நீட்டுவதால் பயனில்லை, எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். பழைய ஒளிமாசு வடிகட்டிகள் சோடியம், பாதரச விளக்குகளின் குறிப்பிட்ட நிறங்களை வெட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. தெருவெல்லாம் வெள்ளை எல்இடி வந்த பிறகு வெளிச்சம் எல்லா நிறத்திலும் பரவிவிட்டது. அவற்றின் பலன் குறைந்துவிட்டது. 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜன் ஒளியையும் 500.7 நானோமீட்டரில் ஆக்ஸிஜன் ஒளியையும் மட்டும் விடும் இருபட்டை வடிகட்டிகள் நகரத்திலும் உதவும், ஆனால் ஒளிரும் நெபுலாக்களுக்கு மட்டும். அண்டங்களும் (கேலக்ஸிகள்) நட்சத்திரக் கொத்துகளும் எல்லா நிறத்திலும் ஒளிர்கின்றன. எந்த வடிகட்டியும் அவற்றை மீட்டுத் தராது. அதற்குச் செலவழிக்கும் பணத்தில் சவ்வாது மலைப் பக்கம் ஒரு வாரக் கடைசி போய் வரலாம். வைணு பாப்பு ஆய்வகத்தைக் காவலூரில் வைத்ததற்கு அந்த மலை வானத்தின் இருட்டும் ஒரு காரணம்.

சிவப்பு நெபுலா சிவப்பாகவே வரவில்லை என்றால் குறை வானத்தில் இல்லை. மாற்றம் செய்யாத கேமராக்களின் உள்வடிகட்டி அந்த ஹைட்ரஜன் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஓரியன் நெபுலா அதிலும் நன்றாக வரும். குதிரைத்தலை நெபுலாவும் ரோஸட் நெபுலாவும் முரண்டு பிடிக்கும்.

மங்கிய வளையங்கள், இருண்ட மூலைகள்

தூசு. வளையத்தின் விட்டத்தைப் பிக்ஸலில் அளந்து, பிக்ஸல் அளவாலும் எஃப் எண்ணாலும் பெருக்குங்கள். தூசு சென்ஸாரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வரும். 100 பிக்ஸல் வளையம் என்றால் 100 × 4.3 × 5, அதாவது 2150 மைக்ரான், சுமார் 2 மி.மீ.; சென்ஸாருக்கு முன்னுள்ள கண்ணாடியில் இருக்கிறது. 1000 பிக்ஸல் என்றால் 21 மி.மீ. தள்ளி, வடிகட்டியிலோ கரெக்டரிலோ தேடுங்கள். முதன்மை ஆடியில் உள்ள தூசு இப்படி வளையமாகத் தெரியவே தெரியாது. அதைக் கழுவ ஓடாதீர்கள்.

ஃப்ளாட் எடுத்தால் வளையமும் இருண்ட மூலையும் சேர்ந்தே போகும். குழாயின் வாயில் வெள்ளை வேட்டித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, விடியற்கால வானத்தை நோக்கி, ஹிஸ்டோகிராம் பாதியில் நிற்கும்படி 20, 30 எடுங்கள். கேமராவைக் கழற்றவோ திருப்பவோ ஃபோகஸை மாற்றவோ கூடாது. ஃப்ளாட் போட்ட பிறகு மூலைகள் வெளுத்துப்போனால் பயஸ் ஃப்ரேம்களைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். மூடி போட்டு, கேமரா அனுமதிக்கும் மிகக் குறைந்த நேரத்தில், அதே ஐஎஸ்ஓவில் எடுங்கள்.

சேர்த்த படத்தில் மழை பெய்ததுபோல் சாய்ந்த கீறல்கள்

ஒற்றை ஃப்ரேமில் இல்லாமல், அடுக்கிய படத்தில் மட்டும் ஒரே திசையில் கீறல்கள் வரும். நட்சத்திரம் இரவு முழுக்க மெல்ல நழுவுகிறது. மென்பொருள் நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும்போது, அசையாத சூடான பிக்ஸல்கள் எதிர்த்திசையில் கோடாக இழுபடுகின்றன. தீர்வு டித்தரிங்: இரண்டு மூன்று ஃப்ரேமுக்கு ஒருமுறை குழாயைப் பத்துப் பதினைந்து பிக்ஸல் அளவு, ஒவ்வொரு முறையும் வேறு திசையில் நகர்த்துங்கள். கணினி இல்லாதவர் கைக்கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொத்தானைத் தட்டினாலே போதும்.

நம் வெப்பத்தில் இதைத் தவிர்க்க முடியாது. சென்ஸாரின் இருள் மின்னோட்டம் ஏறத்தாழ ஆறு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. மே மாத இரவில் கேமராவின் உள்ளே சுற்றுப்புறத்தைவிடவும் சூடு. டார்க் ஃப்ரேம்களைப் படமெடுத்த அதே இரவில், அதே நேர அளவில் எடுங்கள். குளிர்காலத்தில் எடுத்ததைக் கோடையில் போட்டால் படம் இன்னும் கெடும். டித்தரிங்கா டார்க்கா என்று ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறதென்றால் டித்தரிங்கைச் செய்யுங்கள்.

மென்பொருள் ஒரே ஒரு ஃப்ரேமைத்தான் சேர்க்கிறது, அல்லது நெபுலாவே காணவில்லை

ஃப்ரேம்களை அடுக்கும் மென்பொருளான டீப்ஸ்கைஸ்டாக்கர் எழுபது ஃப்ரேமில் ஒன்றை மட்டும் சேர்ப்பேன் என்றால் அதற்கு நட்சத்திரங்கள் போதுமான அளவு கிடைக்கவில்லை. கண்டுபிடிக்கும் எல்லையைக் குறைத்து, சில டஜன் நட்சத்திரங்கள் வருமாறு செய்யுங்கள். மாறாக ஆயிரக்கணக்கில் காட்டினால் அது இரைச்சலை எண்ணுகிறது, எல்லையை ஏற்றுங்கள். விமானமும் செயற்கைக்கோளும் போட்ட கோடுகளை அதிலுள்ள கப்பா சிக்மா என்ற சேர்க்கும் முறை நீக்கிவிடும், ஆனால் ஃப்ரேம்கள் இருபதுக்கு மேலாவது வேண்டும்.

சேர்த்து முடித்த படம் கறுப்பாக இருந்தால் பதற வேண்டாம். எல்லாத் தகவலும் ஹிஸ்டோகிராமின் இடப்பக்க மூலையில் அடைந்துகிடக்கிறது. சிரில் மென்பொருளில் திரைக்காட்சியைத் தானியங்கு நீட்டலுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் ஒன்றும் இல்லையென்றால் நேரம் போதவில்லை. இரைச்சல் பாதியாகக் குறைய நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஒரு மணி நேரப் படத்தை இரட்டிப்பாக மெருகேற்ற நான்கு மணி நேரம். அதை ஒரே இரவில் எடுக்க வேண்டியதில்லை. கேமராவை அதே கோணத்தில் மாட்டினால் நான்கு இரவுகளை ஒன்றாகச் சேர்க்கலாம், அந்தந்த இரவுக்கு அதனதன் ஃப்ளாட்களோடு.

எடுக்கும் பொருளையும் மாற்றிப் பாருங்கள். மங்கலான வடவானப் பொருள் ஒன்றோடு துருவப் பக்கத்துப் புழுதியில் மல்லுக்கட்டுகிறவர், ஏப்ரல் நள்ளிரவில் தெற்கே திரும்பினால் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து சென்னையில் 29 பாகை உயரத்தில், கன்னியாகுமரியில் 34 பாகை உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது எழுவதே இல்லை. 30 வினாடி ஃப்ரேம்கள் நாற்பது இருந்தாலே அந்தக் கொத்து தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரிந்து வரும்.